நாலு விரல்கடை வெளியே நின்ற சக்கரம்

இன்று காலை தபால்காரர் உன் கருமாதிப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்புக் கரை போட்ட அட்டை. மேலே உன் படம். எப்போது எடுத்தது என்று தெரியவில்லை. தோளில் சரிகைத் துண்டு, கன்னம் உப்பியிருக்கிறது. கீழே உன் பிள்ளைகள் அச்சடித்திருக்கிறார்கள்: 'சொன்ன சொல் தவறாதவரும், தம்மிடம் வேலை செய்தவர்களைக் குடும்பத்தாராகவே நடத்தியவருமான...' அந்த இடத்தில் நிறுத்தினேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். அச்சு மை சரியாகக் காயாமல் கட்டைவிரலில் ஒட்டியது. வேட்டியில் துடைத்தேன், போகவில்லை.

என் வீட்டுக்காரி பிலோமினா கூழ் கரைத்துக்கொண்டே கேட்டாள். "போவப் போறீங்களா?"

"இல்ல."

"ஊரு பேசும்."

"பேசட்டும்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்க மாட்டாள் என்று உனக்கும் தெரியும். அதனால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன்னைப் பற்றி வேறு யாரிடம் வாயைத் திறந்தாலும், செத்தவனைப் பற்றிப் பேசாதே என்கிறார்கள். சரி, உன்னிடமே பேசிவிடுகிறேன்.

நீ முதலிலிருந்தே கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். விழுப்புரத்தில் ஒரே முதலாளியிடம் நாம் இரண்டு பேரும் லாரி ஓட்டினோம். சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். எனக்குக் குளிர்காய்ச்சல் வந்து பத்து நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, என் வண்டியையும் உன் வண்டியையும் மாற்றி மாற்றி நீயே ஓட்டினாய். முதலாளிக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும் என்று, கணக்கப்பிள்ளையிடம் என் குரலில் பேசிச் சமாளித்தாய். பெரிய வெள்ளிக்கிழமை நான் ஒருசந்தி இருந்தால் நீயும் என்னோடு பட்டினி கிடந்தாய். "நீ சாப்பிடாம பாத்துக்கினு இருக்க, நான் எப்படிய்யா முழுங்கறது?" என்றாய். உங்கள் வீட்டில் என்னை 'மச்சான்' என்று நீ கூப்பிட்டது பலருக்குப் பிடிக்கவில்லை. நீ அதைச் சட்டை செய்ததில்லை.

நயா பைசா வந்த வருடம் நீ மிலிட்டரி டிஸ்போசல் ஏலத்தில் ஒரு பழைய லாரியை எடுத்தாய். திண்டிவனத்தில் ஷெட் போட்டாய். அன்று மாலையே விழுப்புரத்துக்கு வந்து என் வீட்டு வாசலில் நின்றாய். "ஸ்டியரிங்கு உன்னுது மச்சான். மத்தது எல்லாம் என் பாடு." ஒன்பது வருட வேலையை நான் ஒரே நாளில் விட்டேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் கழித்து பிரம்மதேசம் சாலையில் நெல் மூட்டையோடு சேற்றில் சிக்கினோமே, நினைவிருக்கிறதா? சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தது, வண்டி நகரவில்லை. நீ உடுத்தியிருந்த புது வேட்டியை அவிழ்த்துச் சக்கரத்துக்கு முன்னால் விரித்தாய். வண்டி ஏறிவிட்டது. வேட்டி சேற்றோடு போயிற்று. வெறும் கால்சட்டையோடு ஊருக்குள் நடந்துபோய் யாரிடமோ ஒரு துண்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாய். அந்த ஆளைத்தான் நான் இத்தனை வருடமாகத் தேடுகிறேன். அவன் எந்த இடத்தில் இறங்கிப் போனான் என்று எனக்குத் தெரியவே இல்லை.

ஒருவேளை அந்தச் சக்கரங்கள் வந்த நாளாக இருக்கலாம்.

மெட்ராசுக்குப் போன நீ, இன்னொருவர் லாரியில் அவற்றை ஏற்றிக்கொண்டு வந்தாய். அகலமான ரிம். ரிம்முக்கு நடுவில் இருக்க வேண்டிய தட்டை உள்பக்கமாகத் தள்ளிவைத்துப் பற்றவைத்திருந்தார்கள். மாட்டினால் டயர் அச்சைவிட்டு விலகி வெளியே நிற்கும். ஒரு சக்கரத்தில் பற்றவைப்பு புழு நெளிந்ததுபோல் கோணலாக ஓடியிருந்தது. அதை நான் காட்டியபோது, "அழகாப் பாத்து கட்டிக்கப் போறியா?" என்றாய்.

உன் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. மல்லாட்டை மூட்டையை ஆளுயரத்துக்கு அடுக்க ஆரம்பித்திருந்தாய். வைக்கோல் ஏற்றினால் கேட்கவே வேண்டாம். வளைவில் வண்டி தள்ளாடியது. சக்கரம் அகலமாக நின்றால் தள்ளாடாது என்று எவனோ சொல்லியிருந்தான். மாட்டி முடித்ததும் நீ பத்தடி தள்ளிப் போய் நின்று பார்த்தாய். "யான மாரி நிக்குது பாரு" என்றாய். மட்கார்டைத் தாண்டி, பாடியைத் தாண்டி, டயர் நாலு விரல்கடை வெளியே நின்றது. நான் விரலை வைத்தே அளந்து காட்டினேன்.

யானை போல நிற்கத்தான் நின்றது. ஓட்டுகிறவனைக் கேட்டாயா? ஒரு சின்னக் கல்லில் ஏறினாலும் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுத்தது. மழை நாளில் சேறு மட்கார்டுக்குள் அடங்காமல் கதவுவரை அடித்தது. முப்பது மைல் போனால் சக்கரத்தின் நடு ஹப்பில் கை வைக்க முடியாத சூடு. விழுப்புரத்தில் நம் வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக் காதர் பாயிடம் கொண்டுபோனேன். நீயும் வந்தாய். பாய் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"தண்ணிக் கொடத்த இடுப்புல வெச்சிக்கினு ரெண்டு மைல் நடக்கலாம் நைனா. அதே கொடத்தக் கைய நீட்டிப் புடிச்சிக்கினு பத்தடி நடந்து பாரு. ஹப்புக்கும் அதே கதிதான். பேரிங்கு ஒரு பக்கமாத் தேயும். ஆணி ஒண்ணொண்ணா அறுந்துபூடும்."

"சட்டத்துல எடம் இருக்கா பாய்?" என்று நான் கேட்டேன்.

"எங்க இருக்கு? வண்டிய இந்த மாரி மாத்தணும்னா எழுதிக் குடுத்து உத்தரவு வாங்கணும். கேட்டாலும் குடுக்க மாட்டான். டயரு பாடிக்கு வெளிய வரக் கூடாது, அவ்ளோதான். ரோட்டுல நடக்கறவன் பாடியப் பாத்துத்தான் ஒதுங்குவான், டயரப் பாத்து இல்ல. ஜல்தியாக் கழட்டிப் போடுங்கோ. பேஜாரு வேணாம்."

நீ சிரித்தாய். "சட்டம் எழுதினவன் முகையூரு ரோட்டப் பாத்துக்கிறானா பாய்?" என்றாய். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சோதித்து எஃப்.சி. கொடுக்கும் நாள் வரும். முதல் நாள் நீயும் நானும் ஜாக்கி வைத்து அந்தச் சக்கரங்களைக் கழற்றி, கம்பெனிச் சக்கரங்களை மாட்டுவோம். இன்ஸ்பெக்டர் வந்து பிரேக் பார்ப்பார், ஹாரன் அடிக்கச் சொல்வார், டேப் வைத்து அளப்பார், கையெழுத்துப் போடுவார். மறுநாள் பழையபடி மாட்டுவோம். இரண்டு வருடம் அப்படிச் செய்தோம். இரண்டாவது வருடம் நமக்கு நேரம்கூட அதிகம் ஆகவில்லை, கை பழகிவிட்டது. உன் கையை நான்தான் பழக்கினேன்.

ஒருநாள் திண்டிவனம் வருவதற்கு இரண்டு மைல் முன்னால் பின்பக்கம் கடகடவென்று சத்தம். இறங்கிப் பார்த்தால் இடது பின்சக்கரத்தில் இரண்டு ஆணி அறுந்திருந்தது. மீதி ஆணிகளில் நட்டு தளர்ந்து ஆடியது. ஊர்ந்து ஊர்ந்து ஷெட்டுக்கு வந்து, அறுந்த துண்டுகளை உள்ளங்கையில் வைத்து உன்னிடம் நீட்டினேன்.

"ஆணி அறுந்தா ஆணி போடு. அதுக்கு எதுக்கு வீலக் கழட்டணும்?"

"நான் இனிமே இந்த வண்டிய எடுக்க மாட்டேன்."

 நீ பீடியைக் கீழே போட்டு மிதித்தாய். "நீ எடுக்கலன்னா நான் எடுக்கறேன். எனக்கு ஓட்ட மறந்தா பூடிச்சி? கவுந்தா நான் கவுந்துட்டுப் போறேன். உனக்கு இன்னா?"

அதைச் சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எதற்கு உருகுவேன் என்று உனக்கு நன்றாகத் தெரியும். சாவியைக் கொடு என்று கையை நீட்டினேன். என் கோபத்தில் பாதி அந்தக் கையின்மேல்தான். மீதிப் பாதி போதும் உனக்கு.

பங்குனி மாதம். முகையூர்ப் பக்கத்து ஊர்களில் மல்லாட்டைச் செடி பிடுங்கி, கடலையை மூட்டை கட்டியிருந்தார்கள். ஏற்றிக்கொண்டு விழுப்புரம் வந்துகொண்டிருந்தேன். பகல் பதினொரு மணி இருக்கும். வழியில் ஒரு சின்னப் பாலம். லாரி ஒன்று, கட்டைவண்டி ஒன்று, ஓரத்தில் ஒரு ஆள் என்று கணக்காகப் போகலாம். நூறு தடவை போயிருக்கிறேன். எதிரே ஒரு கட்டைவண்டி பாலத்தில் ஏறிவிட்டது. இடது பக்கம் தலையில் கூடையோடு ஒரு பெண். வண்டிச் சத்தம் கேட்டுக் கைப்பிடிச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள். வேகத்தை மாட்டு நடைக்குக் குறைத்தேன். தலையை வெளியே நீட்டி வலது பக்கம் வண்டியைப் பார்த்தேன், திரும்பி இடது பக்கம் அவளைப் பார்த்தேன். என் கேபின் அவளைத் தாண்டும்போது நடுவில் நல்ல இடம் இருந்தது. போதும் என்றது என் கண். அந்தக் கண்ணின் கணக்கு பழைய சக்கரத்தின் கணக்கு. பதினைந்து வருடம் பழகிய கணக்கை நாலு விரல்கடைக்காக அது மாற்றிக்கொள்ளவில்லை.

பிறகு அவள் குரல் கேட்டது. அதை நான் எழுதப் போவதில்லை.

பின்சக்கரம் அவள் இடது காலில் ஏறியிருந்தது. பின்னால் வந்த பஸ்ஸை நிறுத்தி, என் துண்டால் காலைக் கட்டி, நானே தூக்கி உள்ளே கிடத்தினேன். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவள் பெயர் அஞ்சலை. மல்லாட்டை ஆயப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவள். ஆஸ்பத்திரியிலிருந்து நான் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்துபோய், நான்தான் டிரைவர் என்று சொன்னேன்.

மாலையில் நீ வந்தாய். இலையில் கட்டிய இட்லி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது, அழுதிருக்கிறாய் என்று நினைத்தேன். கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

"வண்டியத் தொடாத மச்சான். அப்படியே இருக்கட்டும். பிரேக் இன்ஸ்பெக்டரு வந்து பாக்கட்டும். வீலப் பாத்தாலே அவருக்குத் தெரிஞ்சிடும், நான் கண்மண் தெரியாம ஓட்டலன்னு."

"சரி" என்றாய்.

"அவங்க உம்மேல அபராதம் போடுவாங்க. வண்டியக் கொஞ்ச நாள் வெச்சிக்குவாங்க. அவ்ளோதான்."

"சரிய்யா. சாப்புடு."

இரண்டு தடவை 'சரி' சொன்னாய். நான் இட்லியைச் சாப்பிட்டேன்.

வழக்கு ஐந்து மாதம் கழித்து வந்தது. வக்கீலை நீயே வைத்தாய். பிரேக் இன்ஸ்பெக்டரின் அறிக்கையைக் கோர்ட்டில் படித்தார்கள். பிரேக் சரியாக இருக்கிறது, ஸ்டியரிங் சரியாக இருக்கிறது, சக்கரங்கள் கம்பெனி அளவுப்படி உள்ளன, வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. எனக்கு முதலில் விளங்கவில்லை. வேறு ஏதோ வண்டியைப் பற்றிப் படிக்கிறார்கள் என்றே நினைத்தேன். நம்பரைப் படித்தார்கள். நம் நம்பர்தான். திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ உன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

எப்படிச் செய்தாய் என்று பின்னால் காதர் பாய் சொன்னார். சரக்கு வெயிலில் கெடுகிறது, மூட்டையை வேறு வண்டிக்கு மாற்ற வேண்டும் என்று போலீஸிடம் உத்தரவு வாங்கினாயாம். மூட்டையை இறக்கும் சாக்கில் சக்கரத்தையும் மாற்றிவிட்டாய். முதலில் பாயிடம்தான் வந்து கூப்பிட்டிருக்கிறாய். அவர் மாட்டேன் என்றிருக்கிறார். "அந்த மன்ஷன் உள்ள இருக்கான், நீ இங்க ஸ்பானரு கேக்கற" என்று சொன்னாராம். வேறு ஆளை வைத்துச் செய்தாய். உன்னிடம் ஆளா இல்லை?

என் பக்கத்துச் சாட்சியாகப் பாயைக் கூப்பிடச் சொல்லி உன் வக்கீலிடம் கெஞ்சினேன். "அதெல்லாம் வேணாம்ப்பா, கேஸ் சிக்கலாயிடும்" என்றார். யாருக்குச் சிக்கல் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அஞ்சலையைக் கூண்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். "மொத வண்டி தாண்டிச்சிங்க. அப்பாடான்னு மூச்சு வுட்டேன். அப்புறமாத்தான் சக்கரம் வந்துச்சி. வண்டிக்கு வெளிய றெக்கை மாரி நின்னுக்கினு இருந்துச்சி" என்றாள். உன் வக்கீல் எழுந்து, சக்கரம் வண்டிக்கு அடியில் இருக்குமா, வெளியே இருக்குமா என்று அவளைக் கேட்டார். கோர்ட்டில் சிரித்தார்கள். அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். அந்தச் சிரிப்பில் நீ சேர்ந்தாயா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

பிறகு நீ ஏறினாய். வண்டியில் எப்போதாவது வேறு சக்கரம் மாட்டியதுண்டா என்று கேட்டார்கள்.

"இல்லீங்க. கம்பெனி வீலுதாங்க."

அதோடு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. "நல்ல டிரைவருதாங்க. தங்கமான மனுஷன். அன்னிக்கு என்னமோ கவனம் தப்பிடிச்சி" என்றாய். பொய் சொன்னதைக்கூட ஒரு நாள் நான் விழுங்கியிருப்பேன். வண்டி பறிபோகும், இன்சூரன்ஸ்காரன் கைவிரிப்பான், பிள்ளைகுட்டிக்காரன், பயந்துவிட்டான் என்று எனக்கு நானே சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பொய்யை எனக்கு நற்சாட்சி கொடுக்கிற குரலில் சொன்னாயே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. நான் எழுந்து, சக்கரத்தை மாற்றிவிட்டார்கள் ஐயா என்றேன். ஆதாரம் உண்டா என்று கேட்டார் மாஜிஸ்திரேட். என்னிடம் என்ன இருக்கிறது, என் வாய்தான் இருந்தது. ஆறு மாதம் தண்டனை. லைசென்சும் போயிற்று.

கடலூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்த நாள், எதிரே நீ அதே லாரியோடு நின்றாய். கம்பெனிச் சக்கரம் மாட்டியிருந்தாய். கதவைத் திறந்து பிடித்தாய்.

"ஏறு மச்சான். வூட்ல எல்லாம் நல்லா இருக்காங்க. அரிசி பருப்பு எல்லாம் அனுப்பிக்கினுதான் இருந்தேன்."

நீ அனுப்பியதைப் பிலோமினா தொடவில்லை, மூட்டை பிரிக்காமல் தெருமுனையில் உன் ஆளிடமே திருப்பி ஏற்றினாள் என்பது எனக்குச் சிறையிலேயே தெரியும். அதை உன்னிடம் சொல்லவில்லை. நீ ஒரு வார்த்தை சொல்வாய் என்று நின்றேன். இரண்டு நிமிடம் நின்றிருப்பேன். நீ கதவைப் பிடித்தபடியே நின்றாய். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

அடுத்த வாரம் அஞ்சலையின் ஊருக்குப் போனேன். அடிப்பார்கள் என்றுதான் போனேன். அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கழி. என்னைப் பார்த்ததும் கை நின்றது. அவள் மாமியாரும் இன்னும் நாலைந்து பேரும் வந்துவிட்டார்கள்.

"நீ சொன்னதுதாம்மா நெசம்" என்றேன். "சக்கரம் வெளிய நின்னுச்சி. நாங்க மாட்டினதுதான். அப்புறமா மாத்திட்டாங்க."

அவள் தன் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் தெரிந்தது. ஆறு மாதமாக அந்த வீட்டில் அவளுக்கு, நடுரோட்டில் பராக்குப் பார்த்து நடந்தவள், கோர்ட்டில் வாய்க்கு வந்ததை உளறியவள் என்று பெயர். கால் போனதோடு அதுவும் சேர்ந்திருந்தது.

"இத்த ஏன் கோர்ட்ல சொல்லல?"

"சொன்னேன்மா. நம்பல."

"என்னையும் நம்பல. அப்ப நாம ரெண்டு பேருமே பொய்யங்கதான்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. அவள் மாமியார், "எழுத்துல இல்லாதத நீ வாயால சொன்னா ஆச்சா?" என்றுவிட்டு உள்ளே போனாள்.

ஏழு வருடம் போயிற்று. லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. திண்டிவனத்தில் ஒரு அரிசி மில் லாரியை ஓட்டுகிறேன். உனக்கு ஒரு லாரி மூன்றாயிற்று, மூன்று ஐந்தாயிற்று. ஒரே ஊரில் இருந்துகொண்டு, நீ வரும் தெருவில் நான் வராமலும் நான் நிற்கும் டீக்கடையில் நீ நிற்காமலும் எப்படிச் சமாளித்தோம் என்று இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அதிலும் நமக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்ததுபோல.

தை மாதம் உன் மனைவி ஆள் அனுப்பினார்கள், உனக்கு உடம்பு மோசம், என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாய் என்று. வந்தேன். கட்டிலில் பாதியாகக் கிடந்தாய். என் பெண்ணின் கல்யாணத்தைக் கேட்டாய், மில் வண்டியின் இன்ஜினைக் கேட்டாய், மழையைக் கேட்டாய். நான் காத்திருந்தேன். நீ கேட்கப் போவதில்லை என்று தெரிந்ததும் நானே கேட்டேன்.

"அந்த வீலு இன்னா ஆச்சி?"

"எந்த வீலு?"

நான் நாலு விரலைச் சேர்த்து நீட்டிக் காட்டினேன்.

"வித்துட்டேன்" என்றாய்.

"யாருக்கு?"

"வந்தவாசிப் பக்கம் ஒருத்தன். ரொம்ப நாளாக் கேட்டுக்கினு இருந்தான்."

"அந்தப் பொம்பள கால் போன பொறவு வித்தியா?"

"சும்மாக் கெடந்து துரு ஏறுது. வேற இன்னா பண்ணச் சொல்ற?"

படுக்கையில் கிடக்கும் ஒருவனிடம் குரலை உயர்த்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நீ, "இன்னும் கோவமா இருக்கியா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். "சரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். மூன்றாவது 'சரி'.

மூன்று வாரம் கழித்து, திண்டிவனம் ரயில்வே கேட் அடைத்திருந்தபோது என் முன்னால் ஒரு லாரி நின்றது. பின்சக்கரம் பாடிக்கு வெளியே தள்ளி நின்றது. இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தேன். வலது பக்கத்துச் சக்கரத்தில் அந்தக் கோணல் பற்றவைப்பு. பெயிண்ட் அடித்திருந்தார்கள், நெளிவு மறையவில்லை. அந்த டிரைவருக்கு நாற்பது வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னேன்.

"ஸ்டியரிங்கு இழுக்குதுங்க, தெரியுது. ஓனரு மாட்டிக் குடுத்தா நான் இன்னா பண்றது?" என்றார்.

அந்த வார்த்தையை நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். கேட் திறந்தது, அவர் போய்விட்டார். நான் வண்டியை ஓரம் கட்டி நம்பரை எழுதிக்கொண்டேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு பிரேக் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போனேன். புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர், சின்ன வயதுதான். அந்த வண்டி எஃப்.சி.க்கு வேறு சக்கரத்தில்தான் வந்திருக்கும் என்றேன்.

"எஃப்.சி. அன்னிக்கு வேற வீல் மாட்டியிருந்தாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த வீல மாட்டி ஓட்டினவன் சார் நான். எஃப்.சி.க்கு மொத நாள் கழட்டினவனும் நான்தான். அதனாலயே ஜெயிலுக்குப் போனேன்."

 அவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தி, "எல்லாத்தையும் எழுதுங்க" என்றார்.

எழுதினேன். என் பங்கையும் விடாமல் எழுதினேன். நீ உயிரோடு இருக்கும்போதே எழுதினேன், செத்தவன்மேல் பழி போட்டான் என்று யாரும் சொல்லக் கூடாது. மூன்றாம் நாள் அந்த லாரியை மடக்கினார்கள். சக்கரங்களைக் கழற்றவைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்ஸ்பெக்டர் என் மனுவின் நகலில் ஆபீஸ் முத்திரை போட்டு, பறிமுதல் செய்ததையும் கீழே இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். உனக்குச் செய்தி வந்திருக்கும். நீ ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அஞ்சலையின் ஊருக்குப் போனேன். அவள் அதை வாங்கி, முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "எனக்கு எங்க படிக்கத் தெரியும், நீ படி" என்றாள். நின்றுகொண்டே படித்தேன். சக்கரம் பாடிக்கு வெளியே நாலு விரல்கடை நின்றது, பாலத்தில் ஒதுங்கி நின்ற அஞ்சலை என்பவர்மேல் அதுதான் ஏறியது, அவர் கோர்ட்டில் சொன்னது முழுக்க உண்மை. அடுத்த வரி, அப்போது அந்த லாரியின் சொந்தக்காரராக இருந்த உன் பெயர். அங்கே என் குரல் நின்றுவிட்டது.

"இன்னா நிறுத்திட்ட?" என்றாள்.

பெயரோடு சேர்த்துப் படித்து முடித்தேன். அவள் உள்பக்கம் திரும்பி மாமியாரைக் கூப்பிட்டாள். கிழவி வந்து நிலைப்படியில் நின்றாள். "இன்னொரு வாட்டி படி. இதுக்குக் காது கேக்காது, சத்தமாப் படி" என்றாள் அஞ்சலை.

சத்தமாகவே படித்தேன். தெருவில் இரண்டு பேர் நின்று கேட்டார்கள். எல்லா வரியும் தடையில்லாமல் வந்தது. உன் பெயர் வந்த இடத்தில் மட்டும் மறுபடியும் குரல் நின்றது. இப்போது, நீ போன பிறகும், தனியாக இருக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். அப்படியேதான் நின்றுவிடுகிறது. அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் கோபமாக இருக்கிறேன்.